கயானாக்காரனுக்குக் கட்டிய காப்பு

வைகாசித் திருவிழாவை ஒட்டி எங்கள் ஊரில் நடக்கும் கால்பந்துப் போட்டியில் ஒரு வருடம் கயானா நாட்டுக்காரன் ஒருவன் எங்களுக்காக ஆடினான். தன் நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் நாட்டு மைதானத்தில், ஒரே ஒரு ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. நாடு நாடாகப் போய் ஆடிக்கொண்டே அதற்காகக் காத்திருந்தான். எங்கள் ஊரில் இருக்கும்போதுதான் அந்த அழைப்பு வந்தது. அவனைப் போகவிடாமல் செய்தவன் நான். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் கச்சிராயபாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வாய்க்கால் பாய்கிற பக்கம் கரும்பும் நெல்லும், பாயாத பக்கம் மரவள்ளி. நிலம் இல்லாதவர்கள் கரும்பு வெட்டப் போவார்கள், இல்லாவிட்டால் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். அப்படிப் போனவர்கள்தான் அங்கே பார்த்த ஏழு பேர் ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வைகாசியில் ஏரி வற்றிக் கிடக்கும். கருவேல முள்ளை வெட்டித் தள்ளி, சுண்ணாம்பால் கோடு போட்டு, ஏரிக்குள்ளேயே மைதானம் ஆக்கிவிடுவார்கள். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஏரிக்கரை. வெள்ளிமலையிலிருந்துகூட ஜீப்பில் அணிகள் வரும்.

போட்டிக் கமிட்டிக்கு நான் செயலாளர். எனக்குக் கால்பந்து தெரியாது. அழைப்பிதழ் எழுதவும் மைக்கில் பேசவும் படித்த ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னைப் போட்டிருந்தார்கள். கோப்பையைத் தியாகதுருகம் பக்கத்து அணி ஒன்று வருடா வருடம் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு போன மாப்பிள்ளைகள் அந்த அணியில் இரண்டு பேர். ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு கோப்பை பற்றிப் பேசுவார்கள்.

கயானாக்காரனைக் கூட்டி வந்தவன் எங்கள் அணியின் கோல் கீப்பர். கொத்தனார் வேலை. கேரளாவில் அவன் வேலை செய்த ஊரில் ஒரு அணிக்காகக் கயானாக்காரன் ஆடியிருக்கிறான். இருவருக்கும் பழக்கமாகிவிட்டது. மழைக்கு முன்னால் அங்கே போட்டிகள் முடிந்ததும், நாடு திரும்புவதற்குள் எங்கள் திருவிழாவுக்கு வரச் சொல்லி அழைத்திருக்கிறான். அவனும் ஒரு பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வந்து இறங்கிவிட்டான். வயது முப்பதைத் தாண்டி மூன்று நான்கு இருக்கும். நல்ல உயரம், கறுத்த உடம்பு, முன்பக்கம் வழுக்கை விழத் தொடங்கியிருந்தது.

சுவரொட்டிக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான். கயானா என்றால் யாருக்கும் தெரியாது என்று 'மேற்கிந்தியத் தீவு வீரர் களம் இறங்குகிறார்' என்று எழுதினேன். மறுநாள் அவனை டீக்கடைக்கு அழைத்துப் போனபோது கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், வெஸ்ட் இண்டீஸுன்னு போட்டுக்கினு, பேட்டு ஒண்ணும் எடுத்தாரல?"

"இது ஃபுட்பாலுப்பா."

"வெஸ்ட் இண்டீஸ்காரன் ஃபுட்பாலு ஆடுவானா? என்னாத்துக்குப் பொய் சொல்ற சார். ஒரு ஓவர் போடச் சொல்லு, நம்பறேன்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கயானாக்காரன் சிரித்தான். கடையில் இருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, நாலடி பின்னால் போய், கையைச் சுழற்றி வீசினான். அது பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் கால்களுக்கு நடுவில் போய் விழுந்தது.

"ஐயையோ, போல்டு!" என்றார் கடைக்காரர்.

"யோவ், கூட்டியாந்தது கோல் போட. ஓவர் போட இல்ல" என்று கோல் கீப்பர் அவனை இழுத்து உட்கார வைத்தான்.

அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த காரியத்துக்கு அதுதான் காரணம். முப்பது வருடத்துக்கும் மேல் ஆங்கிலம் நடத்தினேன். பாடப் புத்தகத்துக்கு வெளியே என்னிடம் யாரும் ஆங்கிலத்தில் பேசியதில்லை, பேச வேண்டிய தேவையும் யாருக்கும் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதுவும் போனது. மனைவி இறந்துவிட்டாள். மகன்கள் சென்னையில். கோயில் மண்டபத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் நான். திடீரென்று ஊரே என்னிடம் வந்து "அவுரு இன்னா சொல்றாரு சார்?" என்று கேட்டது. அவன் எது வேண்டுமென்றாலும் என்னைத்தான் கேட்டான். என்னை அங்கிள் என்று கூப்பிட்டான். அவர்கள் ஊரிலும் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

இதில் ஒரு வேடிக்கை. முதல் இரண்டு நாள் அவன் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. வார்த்தைகளின் வாலை விழுங்கிவிட்டுப் பாட்டு மாதிரி இழுத்துப் பேசினான். புரிந்த மாதிரி தலையாட்டி, நானாக எதையோ தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் குளிக்க வெந்நீர் கேட்டதில் 'ஹாட்' மட்டும் காதில் விழ, அவனுக்குக் காரம் ஆகாது என்று சொல்லி, மூன்று வேளையும் தயிர்ச்சாதம் போட வைத்தேன். போகப் போகக் காது பழகிவிட்டது.

அவன் கதையைச் சாயங்கால நேரங்களில் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டே சொன்னான். அவன் பிறந்தது கடலோரத்துக் கரும்புத் தோட்டக் கிராமம். கடல் மட்டத்தைவிட நிலம் தாழ்வாம். கடல் உள்ளே வராமல் சுவர் கட்டியிருக்கிறார்களாம். அந்தச் சுவரை ஒட்டிய சேற்று வயலில் வெறுங்காலோடு ஆடிப் பழகினான். சிறுவர்களுக்கான நாட்டு அணியில் எடுத்தார்கள். பிறகு டிரினிடாடில் ஒரு கிளப். அங்கிருந்து அமெரிக்காவில் ஒரு கல்லூரி தன் அணிக்காக ஆட அவனை எடுத்துப் படிக்கவைத்தது. கணுக்கால் முறிந்ததும் கைவிட்டது. அப்புறம் பின்லாந்தில் கீழ்ப்பிரிவு அணி ஒன்று. பனியில் பந்து தெரியாது என்று ஆரஞ்சு நிறப் பந்தில் ஆடினார்களாம். கையுறைக்குள் விரல் செத்துப்போயிருக்குமாம். பிறகு வங்கதேசம், பிறகு கேரளா. கேரளாவில் ஒரு ஊரில் அவனை நைஜீரியா வீரர் என்று சுவரொட்டி அடித்துவிட்டார்கள். அவன் போய்ச் சொன்னதற்கு, "இந்த ஊர்ல நைஜீரியான்னாதான் டிக்கெட் போகும்" என்றார்களாம். அந்த வருடம் முழுக்க நைஜீரியாக்காரனாகவே ஆடினான்.

"நான் ஆடாத ஊரே இல்லை அங்கிள்" என்றான் ஒருநாள். "என் ஊரில் மட்டும் பெரியவனாக ஆனபிறகு ஆடியதில்லை. வெளிநாட்டில் ஆடினால்தான் அங்கே மதிப்பார்கள் என்று கிளம்பினேன். வெளிநாட்டிலேயே இருந்ததால் என்னை மறந்துவிட்டார்கள்." நாட்டு அணிக்குப் பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் தான் ஆடிய வீடியோவை அனுப்பி வைப்பானாம். புதிதாக வந்திருப்பவர் பார்த்துவிட்டுப் பதில் போட்டிருந்தார். கூப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை. பார்த்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியை அவன் எனக்குப் போனில் காட்டினான். இரண்டு தடவை காட்டினான்.

எங்கள் ஊரைப் பார்த்து அவனுக்கு ஆச்சரியம். கரும்பு, நெல், மரவள்ளி மூன்றும் அவன் ஊரிலும் உண்டு. மரவள்ளிக் குச்சியை ஒடித்துப் பார்த்துப் பெயர் சொன்னான். மாரியம்மன் கோயிலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் அம்மாவின் வழியில் யாரோ மதராஸிலிருந்து கப்பலேறிக் கரும்பு வெட்டப் போனவர்கள். யார், எந்த ஊர் என்று தெரியாது. ஆனால் அவன் ஊரில் மாரியம்மா என்றே ஒரு கோயில் இருக்கிறதாம். தப்பு அடிப்பார்களாம், வேப்பிலை கட்டுவார்களாம். சிறுவனாக இருந்தபோது அம்மை கண்டு அந்தக் கோயிலில் படுக்கவைத்துத்தான் பிழைத்தான் என்று அவன் அம்மா சொல்வாராம். இதை அவன் சொல்லும்போது குரல் இறங்கியது. எனக்கு அந்த நம்பிக்கை எதுவும் கிடையாது. திருவிழாவை நான் ஊர் கூடும் காரியமாக மட்டும் பார்ப்பவன். அவன் நம்புகிறவன் என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

இங்கே காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவிழா தொடங்கும் நாள் அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூலில் விரலி மஞ்சள் ஒன்றைக் கட்டி அம்மன் கையில் சுற்றிவிட்டு, பிறகு வேண்டுதல் உள்ளவர்கள் மணிக்கட்டில் பூசாரி கட்டுவார். கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. மீறினால் அம்மன் கோபம். அவ்வளவுதான் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதற்கு ஒரு விலக்கும் உண்டு. தவிர்க்க முடியாத காரியம் வந்தால் பூசாரியிடம் சொல்லலாம். அவர் அம்மன் முன்னால் எலுமிச்சம்பழம் அறுத்து, தீர்த்தம் தெளித்து, காப்பை அவிழ்த்து உண்டியலில் போட்டுவிட்டு அனுப்பிவைப்பார். ராணுவத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு விடுமுறை பாதியில் ரத்தானபோது அப்படி அவிழ்த்து அனுப்பியதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

காப்புக் கட்டிய அன்று அணி ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கயானாக்காரனும் குளித்துவிட்டு, யாரிடமோ வாங்கிய வேட்டியை இடுப்பில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். பூசாரி நிமிர்ந்து பார்த்தார்.

"இவுருக்கு எதுக்கு சார்? வெளியூரு ஆளு. நடுவுல போவணும்னா சங்கடமாப் பூடும்."

"அவரே ஆசைப்படறாரு" என்றேன். அது உண்மைதான்.

"கட்டி வுடு சாமி" என்றான் கோல் கீப்பர். "ஃபைனல் வரைக்கும் எங்கயும் ஓட மாட்டாரு. பசு மாட்டக் கட்டிப்போட்ட மாதிரி கெடப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்துக்கொண்டே கட்டினார். கயானாக்காரன் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

முதல் ஆட்டங்களிலேயே தெரிந்துவிட்டது, அவன் ஆட்டம் எங்கள் ஊர் பார்த்த ஆட்டம் இல்லை. அவன் ஓடவே இல்லை என்று கரையில் இருந்தவர்கள் முதலில் குறைப்பட்டுக்கொண்டார்கள். பந்து எங்கே வருமோ அங்கே முன்னாலேயே போய் நின்றுகொள்வான். வெள்ளிமலை அணியை வென்றபோது, தோற்ற பையன்களே அவனைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அரையிறுதியும் வென்றோம். மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் அவனைப் பற்றிப் பேசிய பேச்சை நினைத்தால் இப்போது கூசுகிறது. அவன் வென்றதை எல்லாம் நான் வென்ற மாதிரி பேசினேன்.

மறுநாள் காலை அவன் என் வீட்டுக்கு வந்தான். நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே போனை நீட்டினான். நாட்டு அணிப் பயிற்சியாளர் செய்தி அனுப்பியிருந்தார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஒரு ஆட்டம் அவர்கள் நாட்டிலேயே நடக்கிறது. முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவருக்குக் காயம். இந்த வாரக் கடைசிக்குள் முகாமில் வந்து சேர்ந்தால் இடம் உண்டு. தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம்.

"அம்மா மைதானத்துக்கு வருவாள்" என்றான். "பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்."

நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். அதுவும் பொய்யில்லை. பிறகு அவன் நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கட்டைத் திருப்பி அந்த மஞ்சள் நூலைப் பார்த்தான். இன்றைக்கே சென்னைக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும் என்றான். பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அங்கிள், இதை முன்னாலேயே அவிழ்க்க வழி உண்டா?"

வழி உண்டு என்று எனக்குத் தெரியும். கோயில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பூசாரி அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பார். அரை மணியில் காரியம் முடிந்திருக்கும். கோல் கீப்பர் தன் பைக்கிலேயே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் விட்டிருப்பான்.

"இல்லை" என்றேன்.

யோசித்துச் சொன்னேனா, யோசிக்காமல் வந்துவிட்டதா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்துத்தான் சொன்னேன். அவன் கேட்ட கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் அடுப்பை அணைத்தேன், பாத்திரத்தை இறக்கி வைத்தேன். அதற்குள் இறுதி ஆட்டம் நினைவுக்கு வந்தது, மாப்பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது. அதைவிட, அவன் போய்விட்டால் நாளைக்கு நான் மண்டபத்து நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்பது நினைவுக்கு வந்தது.

"அப்படியே போனால் என்ன ஆகும்?" என்று கேட்டான்.

"யாரும் போனதில்லை. போனால் ஊருக்கு ஆகாது என்பார்கள். உனக்கும் ஆகாது என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. உன் இஷ்டம்."

கடைசி இரண்டு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டதுதான் என் சாமர்த்தியம். முடிவை அவனே எடுத்த மாதிரி ஆகிவிட்டது. நம்பாதவன் சொன்னதால் அவன் அதிகமாக நம்பினான். காப்பி ஆறிப்போனது. பிறகு எழுந்து, "சின்ன வயதில் மாரியம்மா என்னை விட்டுவைத்தாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் கோல் கீப்பர் வந்தான்.

"சார், அவுரு மூஞ்சியே செரியில்ல. சோறு வேணான்னுட்டாரு. ஊருலேர்ந்து எதுனா சேதியா?"

"இல்லப்பா. வெயில் ஒத்துக்கல."

"வெயிலா? அவுரு ஊருல நம்மள விட ஜாஸ்தியாமே."

"ஃபைனல் டென்ஷனா இருக்கும்."

"அவுருக்கா டென்ஷனு? சும்மா இரு சார்" என்று சிரித்துவிட்டுப் போனான். கோல் கீப்பர் நாலு மலையாள வார்த்தை, நாலு ஆங்கில வார்த்தை, மீதி சைகை என்றுதான் கயானாக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். இந்த மாதிரி விஷயத்தை அதில் சொல்ல முடியாது. எல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும், என் வழியாகத்தான் வர வேண்டும்.

அதன் பிறகு இறுதி ஆட்டம் வரை தினமும் காலையில் கயானாக்காரன் ஓடுவதைப் பார்த்தேன். மலைப் பக்கமாகப் போகும் பாதையில் வாய்க்கால் பாலம் வரை ஓடுவான். அதுதான் ஊர் எல்லை என்று நான் காட்டியிருந்தேன். பகலில் தாண்டினால் தோஷமில்லை, இரவு தங்கினால்தான் என்பதைக்கூட நான் அவனுக்கு விளக்கிச் சொல்லவில்லை. பாலத்துக்கு முன்னால் நின்று, கொஞ்ச நேரம் எதிரே பார்த்துவிட்டு, திரும்பி ஓடிவருவான். அவன் முகாமுக்குப் போய்ச் சேர வேண்டிய கெடு அந்த நாட்களில்தான் முடிந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவனும் பேசவில்லை. எப்போதும்போல அங்கிள் என்று கூப்பிட்டான்.

இறுதி ஆட்டத்தில் ஜெயித்தோம். இரண்டு கோலும் அவன் போட்டவை. இரண்டாவது கோல் விழுந்தபோது கரை முழுக்க ஆட்கள் இறங்கி ஓடிவந்தார்கள். டீக்கடைக்காரர் அவனைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கயானாக்காரன் கையைத் தூக்கவில்லை, ஓடவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு நடந்து போய் வைத்தான், வேலையை முடித்துவிட்டுக் கருவியை இடத்தில் வைக்கிற மாதிரி. கோப்பையோடு எடுத்த படத்தில் நான் நடுவில் நிற்கிறேன். அந்தப் படம் இன்னும் கோயில் மண்டபத்தில் மாட்டியிருக்கிறது.

திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீர் விளையாட்டு முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். அன்று காலையில் அவன் கோல் கீப்பரிடம் போனில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறான். அவர்கள் ஊர் மைதானம், நாட்டு அணி வரிசையாக நிற்கிறது. அவன் நிற்க வேண்டிய இடத்தில் மீசை முளைக்காத ஒரு பையன் நின்றான். கோல் கீப்பருக்கு விஷயம் பாதி புரிந்திருக்கிறது. அதைப் பூசாரியிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு இது எதுவும் தெரியாமல் நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

பூசாரி அவன் கையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டே பேசினார்.

"இன்னா தம்பி, ஒங்க நாட்டு டீமுல கூப்ட்டாங்களாமே? இந்தக் காப்புக்காகவா போவாம இருந்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே அவுத்து வுட்டிருப்பனே. பட்டாளத்துக்காரனுக்கே அவுத்து வுட்டவன் நானு. ஆத்தா இன்னா, புள்ளைங்க பொழப்பக் கெடுக்கறவளா?" பிறகு என்னைப் பார்த்தார். "சார், சொல்லுங்க அவுருகிட்ட."

கயானாக்காரன் என்னைப் பார்த்தான். கோல் கீப்பரும் என்னைப் பார்த்தான். பூசாரி அவிழ்த்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நீ செய்ததை அம்மன் மறக்கமாட்டாள் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவன் குனிந்து பூசாரியின் காலைத் தொட்டான். பூசாரிக்குக் குழப்பம். எதற்குக் காலைத் தொடுகிறான் என்று புரியாமல் அவன் தலையில் கை வைத்து விபூதி பூசினார். கோல் கீப்பருக்கு என் ஆங்கிலம் எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவனே கயானாக்காரனை பைக்கில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனான். அதற்கப்புறம் என் வீட்டுப் பக்கம் அவன் வருவதில்லை. ரோட்டில் பார்த்தால் வணக்கம் சார் என்பான். அடுத்த வருடக் கமிட்டிக்குச் செயலாளராக வேறு ஒருவரைப் போட்டார்கள். எனக்கு வயதாகிவிட்டது என்றார்கள்.

கயானாக்காரனை நாட்டு அணி மறுபடி கூப்பிடவில்லை. கேரளாவுக்கு அவன் திரும்ப வரவும் இல்லை. அவர்கள் ஊரில் ஒரு சின்ன அணிக்காக ஒரு வருடம் ஆடினான், முழங்கால் போய்விட்டது. இப்போது அரிசி ஆலையில் வேலை, சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். கடற்சுவருக்குப் பக்கத்தில் அவன் ஆடிப் பழகிய அதே சேற்று வயலில். இதெல்லாம் அவன் போனில் சொன்னது. வைகாசி பிறந்தால் தவறாமல் கேட்பான், காப்புக் கட்டியாயிற்றா என்று. நான் கோயில் படத்தை எடுத்து அனுப்புவேன்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். இந்த வருடம் அவன் ஒரு உதவி கேட்டான். தான் ஏன் நாட்டுக்காக ஆடவில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். அம்மனுக்குக் கொடுத்த வாக்குக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சொன்னால் நம்பாமல் சிரிக்கிறார்களாம். "நீங்கள் அங்கே இருந்தீர்கள் அங்கிள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள்" என்றான்.

வீடியோ அழைப்பில் பேசினேன். சட்டை மாற்றிக்கொண்டு, வெளிச்சம் விழும்படி சன்னல் பக்கம் உட்கார்ந்தேன். திரையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள், சேறு படிந்த முகங்கள். பின்னால் அவன், நன்றாக வழுக்கை விழுந்து, சதை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் நடந்ததைச் சொன்னேன். அவன் விரும்பியபடி சொன்னேன். காப்பு, இறுதி ஆட்டம், இரண்டு கோல், பூசாரியின் ஆசீர்வாதம். வாத்தியார் அல்லவா, கதை சொல்ல வரும். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"யாராவது அதை அவிழ்த்துவிட்டிருக்க முடியாதா?"

பிள்ளைகளுக்கு மேலாக அவன் முகம் தெரிந்தது. அவனும் பதிலுக்குத்தான் காத்திருந்தான். சந்தேகத்தோடு இல்லை. தெரிந்த பாட்டின் அடுத்த வரிக்குக் காத்திருப்பவனைப்போல இருந்தான். அவனிடம் இருப்பது இந்த ஒரு கதைதான். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். அவனுக்காகத்தான் மறைக்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் முதல் தடவை மறைத்தபோது அவனுக்காக மறைக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை மட்டும் எங்கிருந்து வந்துவிடும் அந்தக் கருணை?

"முடியாது" என்றேன். "அப்படி ஒரு வழக்கம் இல்லை."

அவன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்து அந்தச் சிறுமியின் தலையைத் தடவினான். நன்றி அங்கிள் என்றான்.

இதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். எனக்கு நன்றாகவே வரும். தமிழில் எழுதுகிறேன், அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.